அலமாரியில் வைத்த லேப்டாப்

கேமரன் மலையில் துணியை இரண்டு வாரம் மடித்து வைத்தால் பூஞ்சை பூத்துவிடும். அதனால் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் எஸ்டேட் லயத்தில் எல்லார் வீட்டு அலமாரிக்குள்ளும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டில்தான் பட்டுச்சேலையும் பிறப்புச் சான்றிதழும் பிழைத்துக் கிடக்கின்றன. நான் லேப்டாப் வாங்கியபோது அப்பா அதற்கும் அங்கேதான் இடம் ஒதுக்கினார், பல்புக்கு நேர் மேல்தட்டில். சார்ஜர் வயரையும் கதவிடுக்கு வழியாக இழுத்துச் செருகி வைத்தார். நான் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி கடையில் நிற்கும் பகல் முழுவதும் அது உள்ளே சூடாக, சார்ஜ் குறையாமல் கிடக்கும். மாலையில் அவரே எடுத்துத் துண்டால் துடைத்து என் முன்னால் வைப்பார்.

அப்பா முப்பது வருடம் தேயிலை பெக்டரியில் இலை காயவைக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். ஈரம் பட்டால் எதுவும் கெடும், சூடு காட்டினால் எதுவும் பிழைக்கும் என்பது அவர் கட்சி. இன்னொன்று, அவருக்குப் பொய் சொல்ல வராது. வேலைக்குத் தாமதமாகப் போன நாளில்கூட, ஒரு வயிற்றுவலியைச் சொல்லித் தப்பிக்கத் தெரியாமல், கணக்கெழுதும் கிராணியிடம் "தூங்கிட்டேன்யா" என்று சொல்லி ஏச்சு வாங்குவார். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். பார்த்துக்கொள்ள அவருக்கு இந்த லேப்டாப்பாவது இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. மூன்று மணி நேரம், தனி அறையில், கேமரா முன்னால், பதிவு செய்த சொந்த லேப்டாப்பில் எழுத வேண்டும். எங்கள் லயத்தில் மழை வலுத்தால் கரண்டு போய்விடும். பேட்டரி தாங்கினால்தான் பரீட்சை.

வாங்கி எட்டாவது மாதம் அது தாங்கவில்லை. வயரைப் பிடுங்கினால் நூறு காட்டும், சற்று நேரத்தில் அறுபது, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். கடையில் கூட வேலை செய்யும் அக்கா சொல்லித் தந்தபடி பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். புதிதாக இருந்தபோது கொண்டதில் நூற்றுக்கு நாற்பத்தொன்றுதான் இப்போது கொள்கிறது. ஆனால் வாரண்டி ஒரு வருடம். எட்டு மாதத்தில் இவ்வளவு தேய்ந்தால் மாற்றித் தந்தாக வேண்டும் என்று அக்கா அடித்துச் சொன்னார்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பஸ் பிடித்துக் கீழே ஈப்போ டவுனுக்கு இறங்கினோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கூடவே வந்தார். சர்வீஸ் கவுண்டரில் இருந்தவர் நம்மாள்தான், தமிழர். ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"கிளைம் ஆகும் சிஸ்டர். ஸ்டாக் இருக்கு, இன்னைக்கே மாத்திக் கொடுத்துடலாம்."

அடிமூடியைக் கழற்றினார். பேட்டரி பூரி போல உப்பியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அங்கிள், இத வீட்ல எங்க வைப்பீங்க?"

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. மேசை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார், அதுவும் பெருமையாக.

"அலமாரிலதான் தம்பி. பல்பு போட்டு, பொழுதுக்கும் சூடாவே வச்சிருப்பேன். ஒரு சொட்டு ஈரம் படவிட்டதில்ல. சார்ஜும் இறங்கவிட மாட்டேன்."

கவுண்டர்காரர் கிளைமுக்காகத் தட்டச்சு செய்ததை அழித்தார். சூட்டினால் வந்த கேடு, வாரண்டியில் சேராது என்றார். ஸ்டாக்கில் இருப்பது வாரண்டி கிளைமுக்கு மட்டும்தானாம், காசு கொடுத்து மாற்றுவதென்றால் ஆர்டர் போட்டு வர ஒரு மாதம். உப்பிய பேட்டரியை உள்ளே விடுவது ஆபத்து என்று அதையும் எடுத்துக்கொண்டார். இனி வயரில் செருகினால் மட்டும்தான் லேப்டாப் ஓடும்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போதே கத்தினேன்.

"உங்கள யாருப்பா பேசச் சொன்னா? பாத்துக்குறேன் பாத்துக்குறேன்னு நீங்கதான் கெடுத்தீங்க. சும்மா இருந்திருந்தாலே போதும்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை, உப்பிய பேட்டரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு லேப்டாப்பை அவர் தொடவே இல்லை.

பரீட்சையின் இரண்டாவது மணி நேரத்தில் மழை பிடித்தது. பாதி வாக்கியத்தில் திரை இருண்டது. கதவைத் திறந்தபோது அப்பா வெளியிலேயே நின்றிருந்தார்.

"போச்சாம்மா?"

நான் அவரைத் தாண்டிப் போனேன். மறுபடி எழுத அடுத்த செமஸ்டர்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துக் கடையில் இருக்கும்போது ஈப்போ சர்வீஸ் கவுண்டர்காரர் போன் செய்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்கப்பா தினமும் மத்தியானம் கூப்புடுறாரு. அன்னைக்குச் சொன்னது பொய்யாம். பல்பே கிடையாதாம். சும்மா பெருமைக்குச் சொன்னாராம். பேட்டரியப் பாத்தாலே எங்களுக்குத் தெரியும்லா. இனிமே கூப்பிட வேணாம்னு நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொல்கிறேன் என்றேன். அன்று எத்தனை பேருக்குத் தப்பான ஸ்ட்ராபெரிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேனோ தெரியாது.

மறுநாள் எனக்கு லீவு. மத்தியானம் அப்பா வீட்டில் இல்லை. தேடிப் போனேன். எனக்குக் கேட்கக் கூடாதென்று லயத்தின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். எஸ்டேட் மேனேஜர் துரைக்கு முன்னால் நிற்பதுபோல, கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பொய்தான் தம்பி சொன்னேன். வயசாயிடுச்சு, வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். எம்மவ மேல ஒரு தப்பும் இல்ல. அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துடுங்க."

போதும்பா என்று கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சத்தம் காட்டாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.