வாசலில் நின்று கை காட்டினேன்

லோடு வராததால் அந்த ஞாயிறு எங்கள் மட்டாஞ்சேரி அரிசி கோடவுனுக்கு லீவு. உடனே பஜார் பையன்களோடு ஒரு ஃபுட்பால் மேட்ச் பேசிவிட்டோம். எங்கள் கோல்கீப்பர் ஜோசப் சர்ச்சில் இருந்தான். பூசை முடியும்வரை எனக்குப் பொறுமை இல்லை. வாசலில் நின்று கை காட்டிக்கொண்டே இருந்தேன். அவன் பக்கத்திலிருந்த தன் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

ஜெயித்தோம். அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதுதான் தெரிந்தது, அது அவன் அப்பாவின் வருஷ நினைவுப் பூசை. என்னால் உட்காரவே முடியவில்லை.

"ஆட்டம்னா அவரும் பாதிப் பூசையில எழுந்து ஓடுவாரு. சாப்பிடு மோனே" என்று அவன் அம்மா அப்பம் வைத்தார்.

ஜோசப் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "பூசையில அப்பா பேரை வாசிச்சாங்களாம்மா?"

"வாசிச்சாங்க. நான் இருந்தேன்ல."

இப்போதும் லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் அவனைக் கூப்பிட சர்ச்சுக்குப் போகிறேன். வாசலில் நிற்பதில்லை, உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது.