ஹொந்தய், அடுய்

என் கணவர் யட்டவத்தையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். பேரம் பேசும்போது அவருடைய சிங்களத்தில் ஓர் எழுத்துப் பிசகாது. டொக்டரிடம் மட்டும் காது மந்தமாகிவிடும்.

கொலஸ்ட்ரோலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர், ஒருமுறை மாத்தளை கிளினிக்கிற்குத் தனியாகப் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார். "ஹொந்தய், அடுய்னு சொல்லிட்டாங்க" என்றார். சிங்களத்தில் நல்லது, குறைந்துவிட்டது என்று அர்த்தம். அவருக்கு ஒரு சட்டி, பிள்ளைகளுக்கு ஒரு சட்டி என்று இரட்டைச் சமையலில் களைத்துப் போயிருந்த எனக்கு அது இனித்தது. மறுநாளிலிருந்து வீட்டில் ஒரே சட்டிதான். அவர் மாத்திரையை நிறுத்தினார். ஜும்ஆ முடிந்து வந்தால் மாட்டிறைச்சி, பெருநாளுக்கு இரண்டு கிண்ணம் வட்டிலப்பம்.

ஒரு காலையில் மிளகு மூட்டையைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். அல்லாஹ்வின் கிருபை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று டொக்டர் அம்மா கேட்டார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று இவர் சண்டைக்குப் போனார். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஹொந்த எக்க அடுய்."

நல்லது என்கிற கொழுப்பு குறைவு. நடுவிலிருந்த 'எக்க'வை, 'ஒன்று' என்ற அந்தச் சொல்லை, இவர் விழுங்கியிருந்தார். வேண்டியதை மட்டும் கேட்கும் காது.

கெட்ட கொழுப்பு இரத்தக்குழாய்ச் சுவரில் படியுமாம். நல்லது அதை எடுத்து ஈரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமாம், சுவர் புண்ணாகாமலும் பார்த்துக்கொள்ளுமாம். மற்றவர்கள் போட்டதை அள்ளுகிற வேலை. எங்கள் வீட்டில் அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அதுவும் அலுத்துப்போய்த்தான் குறைந்திருக்கும்.

நல்லதைக் கூட்ட மாத்திரை இல்லையா என்று இவர் கேட்டார். மாத்திரையால் அதைக் கூட்டிப் பார்த்ததில் நினைத்த அளவு பலன் இல்லை, கெட்டதைக் குறைக்கும் மாத்திரையை விடாமல் போடுங்கள், சிகரெட்டை விடுங்கள், நடங்கள் என்றார் டொக்டர்.

மறுபடியும் இரண்டு சட்டி. சிகரெட்டை விட்டுவிட்டார். நடக்க மட்டும் நான் துணைக்கு வர வேண்டுமாம். நாள் முழுக்க நின்ற காலோடு பின்னேரம் மேட்டில் ஏறுகிறேன். கோபம் வருகிறது. அவர் இல்லாமல் போய்விடுவாரோ என்ற பயம் அதைவிட அதிகமாக வருகிறது.

நேற்று பாதி மேட்டில் நின்றுவிட்டார்.

"நெஞ்சு நோவுதாங்க?"

என்னைப் பார்க்காமலே, "ஹொந்தய்" என்றார்.

நான் நகரவில்லை. அவர் எதிரே போய் நின்று, இந்தத் தடவை எந்தச் சொல்லை விழுங்கினார் என்று அவர் முகத்தில் தேடினேன்.