கூவிக் கேட்கும் பாஸ்வேர்ட்

தி.நகரில் நான் வேலை பார்க்கும் மாடி அலுவலகத்தில் பாஸ்வேர்டைக் கூவித்தான் கேட்பார்கள். காலையில் டேட்டா என்ட்ரி செய்யும் கலா, "சார், அக்கவுண்ட்ஸ் பாஸ்வேர்டு இன்னா?" என்று கத்துவாள். மேலாளர் ராகவன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து "கற்பகம்!" என்பார். மயிலாப்பூர்க்காரர், அவருக்கு வேறு பெயர் தோன்றாது. டீ கொண்டுவருபவருக்கும் அது மனப்பாடம். இத்தனைக்கும் நாங்கள் ஜவுளிக்கடைகளுக்கு விற்பது பில் போடும் மென்பொருளும், அதை யாரும் திருடாமல் காக்கும் பூட்டும்தான். இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படி வளரவில்லை. சோதனைச் சாவடியில் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று யோசித்தே வளர்ந்த கூட்டம். இங்கும் வாடகைக்கு வீடு கேட்டால் என் பேச்சைக் கேட்டதுமே "சிலோனா?" என்று கதவு பாதி மூடும். காவல் நிலையத்தில் மாதாமாதம் கையெழுத்து வேறு. அதனால் என் பாஸ்வேர்டை நான் யாருக்கும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன் ஒரு கடையின் தள்ளுபடி விலைகள் அப்படியே எதிர்க்கடைக்குப் போய்விட்டன. எங்கள் கணினியிலிருந்துதான் யாரோ திருடினார்கள் என்று கடை முதலாளி குதித்தார். எல்லாருடைய பாஸ்வேர்டும் எல்லாருக்கும் தெரியும், ஆகவே எல்லாரும் நல்லவர்கள். மறைத்தவன் நான் மட்டும்தான்.

"ஏம்ப்பா, அப்படி என்னத்தை ஒளிச்சு வெச்சுண்டிருக்கே? போலீஸ் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் ராகவன்.

"நான் ஒண்டும் எடுக்கேல்லை, சேர்."

"அப்போ சொல்லேன்."

போலீசில் ஒரு புகார் போதும், வேலை போய்விடும், என்னையும் அகதிகள் சிறப்பு முகாமில் அடைத்துவிடுவார்கள். "மயிலிட்டி" என்றேன்.

கலா சிரித்தாள். "யாரு சார் அது, லவ்வரா?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

என் கோப்புகளில் பில் கணக்கைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விலையைக் கொடுத்தது கடை முதலாளியின் சொந்த மச்சான் என்று பிறகு தெரிந்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ராகவன் ஒரு காப்பி வாங்கித் தந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மயிலிட்டி என் ஊர். ராணுவம் முள்வேலி போட்டு அதற்கு உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வைத்ததிலிருந்து, அங்கே பிறந்த நாங்கள் யாரும் உள்ளே போனதில்லை. இந்த நகரத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதும் அன்றுதான். இப்போதெல்லாம் கலா என் கணினி முன் உட்கார்ந்துகொண்டு, "சார், உங்க லவ்வர் பேரு இன்னா, மறந்துட்டேன்!" என்று கூவுகிறாள். நான் வாய் திறப்பதற்குள், டீக்காரர் உட்பட கூடமே "மயிலிட்டி!" என்று கத்துகிறது. அவள் தட்டுகிறாள். உள்ளே போய்விடுகிறாள்.