மார்கரித்தைத் தேடி சொனோராவுக்கு

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மகன் வீடு இருக்கும் சான் ரமோனிலிருந்து புறப்பட்டோம். கார் ஓட்டியது என் மருமகள் கிளேர். ஏழு மாதக் கர்ப்பிணி. கிழக்கே நூறு மைல் தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கிறது சொனோரா. தங்கம் தோண்ட வந்தவர்களால் உருவான ஊர்.

கிளேருக்கு ஐந்து தலைமுறை முந்தைய பாட்டி மார்கரித் லெப்லாங், கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரி. கணவன் இறந்ததும் மகள் ரோஸை லாடம் அடிப்பவர் ஒருவர் வீட்டில் விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்பது குடும்பக் கதை. 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த வீட்டில் ரோஸ் இருக்கிறாள். லெப்லாங் என்று ஊரில் வேறு யாரும் இல்லை.

டிரேசி என்ற ஊரைத் தாண்டியதும், என் மகனிடம் கற்ற தமிழில் கிளேர் மெதுவாகச் சொன்னாள்: "என் அம்மாவும் நாலு வயசுல என்னை விட்டுட்டுப் போனாங்க, அத்தை. எங்க ஃபேமிலில அம்மாங்க ஸ்டே பண்ண மாட்டாங்க. நானும் அப்படி ஆயிட்டா?"

ஓக்டேலில் காபிக்கு நிறுத்தினோம். ஒன்று நாலரை டாலர். அவள் பாதியைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

பதினொரு மணிக்குச் சொனோராவின் தேவாலய அலுவலகம். அங்கிருந்த அம்மாள் பழைய திருமணப் பதிவேட்டை எடுத்துவரப் போனார். கிளேர் கொண்டுவந்திருந்த கணக்கெடுப்பு நகலை நான் விரித்துக்கொண்டேன். விழுப்புரத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவள் நான். பிழைக்கப் போன இடத்தில் பெயரை மாற்றிச் சொன்னவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். லெப்லாங் என்றால் என்ன அர்த்தம் என்று கிளேரிடம் கேட்டேன். வெள்ளை என்றாள்.

"அப்ப ஒயிட்னு தேடிப் பாரும்மா."

அதே பக்கத்தில், ரோஸ் இருந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தங்கும் விடுதி. அதன் கடைசி வரியில்: மார்கரெட் ஒயிட், விதவை, சலவை வேலை, பிறந்தது கனடா.

அது அவள்தானா என்ற சந்தேகத்தைப் பதிவேடு தீர்த்தது. ஒன்பது வருடம் கழித்து நடந்த ரோஸின் திருமணப் பதிவில் சாட்சியாக மணமகளின் தாய், மார்கரித் லெப்லாங், அடைப்புக்குறிக்குள் ஒயிட். கையெழுத்துப் போடத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி. மை அங்கே கொஞ்சம் பரவியிருந்தது.

கிளேர் அந்தக் குறியையே நெடுநேரம் பார்த்தாள். "போகவே இல்ல, அத்தை. இங்கயேதான் இருந்திருக்காங்க" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். அலுவலகத்து அம்மாள் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனார், வெகுநேரம் திரும்பவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் தேடினோம். மார்கரித்தின் கல் கிடைக்கவில்லை. கிளேர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

திரும்பும்போது லிவர்மோர் மலைச் சாலையில் கார்கள் ஊர்ந்தன. என் அம்மாவுடைய பாட்டியின் பெயர் என்ன என்று கிளேர் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வீடு வந்ததும் விழுப்புரத்தில் இருக்கும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எங்கள் பத்திரங்களில் அவள் இன்னாருடைய மனைவி, அவ்வளவுதான்.

கிளேர் ஒரு தாளில் என் பெயரை எழுதினாள். அதற்கு மேலே என் அம்மா, அதற்கும் மேலே பாட்டி. அவர்களுக்கு மேலே ஒரு கோடு இழுத்து, பெயருக்கு இடம் விட்டு வைத்தாள்.