எங்கள் பணியாளர்கள்

1998 ஆவணியில், வழக்கமாகச் சரக்கு வாங்குகிற ஜெர்மனிக்காரரிடமிருந்து வந்த ஒரு ஃபேக்ஸின் கடைசி வரியில், உங்கள் நிறுவனத்தின் இணையதள முகவரி என்ன என்று கேட்டிருந்தார்கள். கோமு அதை இரண்டு தரம் படித்துவிட்டு முதலாளி குமரகுருபரனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"நம்மட்ட வெப்சைட்டு கிடையாதுல்லா?" என்றார்.

"கிடையாது அண்ணாச்சி."

"கேக்கான்னா போட்டுர வேண்டியதுதான். என்ன ஏதுன்னு நீ பாத்துக்கோ."

அந்த அலுவலகத்தில் புதிதாக எது வந்தாலும் கோமுவின் தலையில்தான் விடியும். டெலக்ஸ் வந்தபோதும் அப்படித்தான், கம்ப்யூட்டர் வந்தபோதும் அப்படித்தான். நிலாவாரை இலை ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் காட்டில் விளைகிற இலையை வாங்கி, உலர்த்தித் தரம் பிரித்து, தூத்துக்குடியில் கப்பலேற்றுவார்கள். மலச்சிக்கல் மருந்துக்குப் போகிற சரக்கு என்பதால், சொந்தக்காரர்கள் அவளிடம் வேலையைப் பற்றி ஒரு சிரிப்போடுதான் விசாரிப்பார்கள். அவளும் விளக்கம் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டாள்.

அப்பா இறந்த வருஷம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். தங்கைகள் இருவரையும் கட்டிக்கொடுத்தாள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். தனக்கென்று ஒன்றைப் பற்றி யோசிக்கலாம் என்று நிமிர்ந்தபோது நாற்பது தாண்டியிருந்தது. அம்மாவும் போனபிறகு பாளையங்கோட்டை வாடகை வீட்டில் அவள் மட்டும்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரிடம் "கால் லிட்டர் போதும்" என்று சொன்னதைத் தவிர அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது.

சமாதானபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பாக்கியசீலன்தான் இணையதளம் செய்துதர ஒப்புக்கொண்டான்.

"கட்டுறது என் பொறுப்புக்கா. என்ன கட்டணும்னு நீங்கதான் சொல்லணும். என்னென்ன பக்கம், எதுல என்ன எழுத்து, என்ன படம், எதத் தொட்டா எங்க போகும், எல்லாத்தையும் மொதல்ல தாள்ல போட்டுட்டு வாங்க" என்றான்.

கோமு வீட்டு நடு அறைத் தரையில் தாள்களைப் பரப்பினாள். பக்கத்துக்கு ஒரு தாள். முகப்பு, எங்களைப் பற்றி, சரக்கு, தர விவரம், தொடர்புக்கு. தாள் பறக்குமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து இடம் மாற்றி மாற்றி வைத்தாள். வெளியூர்க்காரன் ஒருவன் உள்ளே வந்தால் எதை முதலில் கேட்பான், எங்கே திகைத்து நிற்பான் என்று யோசித்தாள். யோசனை பேச்சாக மாறியது. "அதுக்கு நீங்க இங்கன வரணும்," "வெல கேக்கணும்னா பைய இந்தப் பக்கம் போங்க" என்று முகம் தெரியாத அவனுக்குச் சத்தமாகவே வழி சொன்னாள். அந்த வீட்டில் வெகுநாளாக அவ்வளவு பேச்சு கேட்டதில்லை.

'எங்கள் பணியாளர்கள்' என்ற தாள் மட்டும் நிரம்பவில்லை. ஒரு காலத்தில் திசையன்விளையில் கம்பெனியின் ஷெட் நிறையப் பெண்கள் உட்கார்ந்து இலை பிரித்தார்கள். பிறகு அந்த வேலையைத் தூத்துக்குடியில் ஒரு காண்டிராக்டரிடம் விட்டாயிற்று. ஷெட் பூட்டிக் கிடந்தது. இப்போது முதலாளியும் கோமுவும் ஒரு காவலாளியும்தான் கம்பெனி.

"வெள்ளைக்காரன் ஆள் எத்தனன்னுதான் மொதல்ல பாப்பான்" என்றார் குமரகுருபரன். "பழைய ஆளுகள ஒரு நாளைக்கு வரச்சொல்லு. சேல எடுத்துக் கொடுத்துருவோம். ஷெட்டத் தொறந்து உக்காரவச்சுப் படம் எடுத்துக்கிடலாம்."

சனிக்கிழமை கோமு திசையன்விளைக்குப் பஸ் ஏறினாள். இலை பிரித்த பெண்களுக்கெல்லாம் தலைமையாக இருந்த சுடலைவடிவு, வீட்டு வாசலில் மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கோமு வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

"படத்துக்கா கூப்பிடுதிய?"

"ஒரு நாள்தான் வடிவு."

"வேலைக்குக் கூப்பிட வாரியன்னு நெனச்சேன். தெரு முக்குல ஒங்க நடயப் பாத்ததும் நெஞ்சு குளுந்துபோச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று கோமுவுக்குத் தோன்றியது. "நான் வரலக்கா. மத்தவளுவட்ட வேணும்னா கேட்டுப் பாருங்க. அங்கன வந்து ஒக்காந்துட்டு வெறுங்கையோட எந்திரிச்சி வர எனக்கு ஏலாது."

பிறகு முறத்தை இறக்கிவைத்துவிட்டுக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள்.

"அம்மா போனப்பெறவு ஒத்தையிலயா இருக்கிய? பயமா இருக்காதா?"

"பயமெல்லாம் இல்ல" என்றாள் கோமு. பின்னே என்ன என்று வடிவு கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. நல்லவேளையாகப் பஸ் வந்துவிட்டது.

மற்றவர்களிடம் அவள் கேட்கப் போகவில்லை. திங்கட்கிழமை முதலாளியின் அறைக்குப் போனாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணாச்சி."

"ஆளே இல்லாத கம்பெனின்னுல்லா நெனைப்பான்."

"ஆளு இல்லதான."

அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. குமரகுருபரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளியே காலியாகக் கிடந்த மேஜைகளைப் பார்த்தார்.

"நீயும் நானுமாத்தான் கெடந்து உருட்டுதோம், என்ன?" என்றார். "சரி, எடுத்துரு. தொடர்புக்குன்னு போடுத எடத்துல ஒம் பேரப் போட்டுக்கோ. பதில் எழுதப்போறது நீதான."

அந்தத் தாளை எடுத்தபிறகு, ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்த மற்றதையும் திருத்தினாள். 'நாங்கள் தரம் பிரிக்கிறோம்' என்றிருந்ததை 'தரம் பிரித்து அனுப்பப்படுகிறது' என்று மாற்றினாள். ஆளைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்ல ஆங்கிலத்தில் வசதியான வழி இருந்தது.

தை மாதம் இணையதளம் வந்தது. பாக்கியசீலனின் சென்டரில், நிழலில் காய்கிற இலையின் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்குவதை அவள் அசையாமல் பார்த்தாள். கடைசியாக அடியில் அவள் பெயர் வந்தது. ஜெர்மனிக்காரர் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினார். சரக்குக்கு ஆர்டர் வழக்கம்போலவே வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சனிக்கிழமைதோறும் கோமு சென்டருக்குப் போய்த் தன் பெயருக்கு மின்னஞ்சல் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

"நான் பாத்து போன் பண்ணுதேன்க்கா. இதுக்குப்போயி நீங்க வெயில்ல அலையணுமா?" என்று பாக்கியசீலன் ஒரு நாள் கேட்டான்.

"இருக்கட்டும் தம்பி. நான் வாரேன்" என்றாள்.