சும்மா நடக்க முடியாத ஊர்

இந்த ஊரில் கையை வீசிக்கொண்டு சாலையோரம் நடந்தால் ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் நெருக்கி உட்கார்ந்து நமக்கு இடம் செய்துவிடுவார்கள். "இன்னாண்ணே நடந்துகினு கீற, ஏறு, எடம் கீது" என்பார் டிரைவர். அவர்கள் நகர்ந்து உட்கார்ந்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரகடம் சாலையில் நடப்பதற்கென்று கிளம்பி, முதல் வாரத்தில் மூன்று முறை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் போய் இறங்கினேன். கொஞ்ச நேரம் ரயிலைப் பார்த்துவிட்டு இன்னொரு ஆட்டோவில் திரும்பினேன்.

நடக்கச் சொன்னது கம்பெனி டிஸ்பென்சரியின் நர்ஸம்மா. தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் லைனில் ஒருவர் சர்க்கரை மயக்கத்தில் மிஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். அதன்பின் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் சர்க்கரை இருந்தது. தினமும் முக்கால் மணி நேரம் வெளியில் நடக்க வேண்டும், இரண்டு மாதத்தில் மறுபடி பார்ப்போம், குறையாவிட்டால் லைனில் வைக்க மாட்டார்கள் என்றார். ஐந்தாம் வகுப்பு படித்த, நாற்பத்தாறு வயது கான்டிராக்ட் ஆளுக்கு லைனை விட்டால் இந்தப் பக்கம் வேறு வேலை கிடையாது. நர்ஸம்மாவிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தேனே தவிர, உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் இருபது வருடம் வரப்பில் நடந்தவன் நான். வெள்ளைப் பாத்தியின் வெளிச்சம் கண்ணைக் குத்த, உப்பை வாரிக் குவித்துச் சுமந்த அந்த நடைக்கு அங்கே யாரும் பெயர் வைக்கவில்லை. எப்போது வெயிலை விட்டு உள்ளே போவோம் என்பதுதான் அன்றைக்கு ஒரே யோசனை. இங்கே வந்த பிறகு உள்ளே மட்டும்தான் இருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறையில் ஆறு பேர். மதியம் கம்பெனி பஸ் வாசலுக்கே வரும். இறங்கினால் தகர ஷெட். பஸ் திரும்பக் கொண்டுவந்து அதே வாசலில் விடும். செருப்பு தேயாமல் இரண்டு வருடம் ஓடியிருக்கிறது.

சாலையை விட்டுவிட்டு வல்லம் பக்கம் வயல்களுக்குள் போய்ப் பார்த்தேன். அங்கே பாதிக்கு மேல் கம்பிவேலி போட்டாயிற்று. காவலுக்கு இருந்தவர் என்னை நிலத் தரகன் என்று நினைத்து, யார் அனுப்பியது என்று கேட்டார். சும்மா நடக்க வந்தேன் என்றதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. கடைசியில் வேலிக்கு இந்தப் பக்கம் தப்பியிருந்த ஒரு சின்னக் கன்னியம்மன் கோயிலைச் சுற்ற ஆரம்பித்தேன். கோயிலைச் சுற்றுகிறவனை ஆட்டோ கூப்பிடாது, காவல்காரர் கேட்க மாட்டார் என்பது என் கணக்கு. ஆனால் எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் முனியம்மா அக்கா கேட்டுவிட்டார். கோயிலுக்கு விளக்கு வைப்பதும் அவர்தான்.

"இன்னா நைனா, வேண்டுதலா?"

சர்க்கரை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ம் என்றேன். எத்தனை நாள் என்றார். வாயில் வந்தது நாற்பத்தெட்டு. அன்றிலிருந்து நான் சுற்றி முடித்ததும் கடைச் சுவரில் அவரே கரியால் ஒரு கோடு இழுப்பார். வேண்டுதல் எதற்கென்று நான் சொல்லாததால் அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். பத்தாம் நாள் பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணாச்சி, வீட்டுல மைனி கோவிச்சிட்டுப் போயிட்டாவளாமே, நெசமா?" பஸ்ஸே சிரித்தது. மனைவி திரும்பி வரத்தான் நான் சுற்றுகிறேன் என்று முனியம்மா அக்கா கடையில் பேச்சாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் பூத்திலிருந்து செல்வியிடம் இதைச் சொன்னேன். என் மனைவி இன்னும் உப்பளத்துக்குத்தான் போகிறாள். "கோயிலச் சுத்திக்கிட்டே பொய் சொல்லுதியளா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் குரல் மாறியது. "சரி, நெசமாவே வான்னு கூப்பிட்டா நா எங்க வந்து இருக்க? ஆறு ஆம்பளயள் கெடக்க ரூம்லயா?" தனி வீடு பார்க்கலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அதையும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் நெருங்கும்போது மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குறைந்திருந்தது. இன்னும் லைனில்தான் இருப்பேன் என்று தெரிந்ததும் கால் லேசானது. ஆனால் நர்ஸம்மா, இது மருந்து மாதிரி, ஆயுசுக்கும் நடக்கணும், நிறுத்தினால் ஏறிவிடும் என்றார். சுவரில் அன்று நாற்பத்தாறு கோடுகள் இருந்தன.

நாற்பத்தெட்டாம் நாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வேண்டுதல் இல்லக்கா, சர்க்கரைக்கு நடக்கேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சுற்றி முடித்து வந்தால், முனியம்மா அக்கா புதுப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்தில் அரிசியும் ஒரு பொட்டலம் வெல்லமும் இருந்தன. தலைக்குக் குளித்திருந்தார். இட்லிக்கு வந்த நாலைந்து பேர் தட்டைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார்கள்.

"வந்துட்டாளா?" என்றார்.

பானையைப் பார்த்ததும் சொல்லிப் பார்த்ததெல்லாம் போய்விட்டது. நா எங்க வந்து இருக்க என்று செல்வி கேட்டது மட்டும் காதில் இருந்தது.

"வரலக்கா."

அந்தக் கோயில் வாசலில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். தட்டோடு நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முனியம்மா அக்கா பானையை உள்ளே எடுத்து வைத்தார். பிறகு பொட்டலத்தை மறுபடி நூலால் கட்டினார். "அவ வந்தப்புறம் பொங்கல் வெச்சிக்கலாம். நீ வுடாத சுத்து" என்று சொல்லிவிட்டுக் கரித்துண்டை எடுத்து, பழைய கோடுகளுக்குக் கீழே புது வரிசை ஒன்றைத் தொடங்கினார்.

இப்போது மூன்றாவது வரிசை ஓடுகிறது. கிழக்குப் பார்த்த கோயில். முன்பக்கம் வரும்போது என் முகம் தெற்கே இருக்கும், சொந்த ஊர் இருக்கும் திசை. பின்பக்கம் போனால் வடக்கே எங்கள் ஷெட்டின் நீலத் தகரம். எந்தப் பக்கமும் பத்து எட்டுக்கு மேல் போக முடியாது, திரும்பியாக வேண்டும். கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே அந்த வெல்லப் பொட்டலம் கண்ணில் படும். எறும்பு ஏறாமல் இருக்க, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்திருக்கிறார். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றுகிறார்.