பல்லண்ணன் சேர்ந்த நான்காவது மன்றம்

மெழுகில் கீழ்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே, இடது கைச் சுண்டுவிரலால் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறார் பல்லண்ணன். மற்ற ஒன்பது விரல்களிலும் மெழுகு. சுண்டுவிரல் மட்டும் விவாதத்துக்கென்று சுத்தமாக வைக்கப்பட்டிருக்கிறது.

"ஒரு நிமிஷம் இருங்க. இவர் ஏதோ ஏடாகூடமா கேட்டிருக்கார்" என்கிறார் என்னிடம். இவர் என்றால் யாரோ ஒருவர். எந்த ஊரோ, எந்த வயதோ. கடவுளுக்கு உருவம் உண்டா என்று மூன்று நாளாக இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே மாடியில் அடுத்த அறையில்தான் என் அச்சகம். வெந்நீர்க் கெண்டி அவரிடம் இருப்பதால் தினம் இரண்டு முறை எட்டிப்பார்ப்பேன். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்து பல் செட் செய்துகொடுப்பது அவர் தொழில். மாடி முழுக்க அவர் பல்லண்ணன்தான். மருத்துவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஐம்பத்து மூன்று வயது. புருவத்தில் எப்போதும் வெள்ளைப் பிளாஸ்டர் தூள். யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைப் பார்ப்பார். எதிலும் விட்டுக்கொடுக்காத மனிதர். கெண்டியில் முதலில் தண்ணீரா தேயிலையா என்பதற்கே என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்.

இந்த இணைய விவாதங்களுக்குள் அவர் போனது ஞானம் தேடி அல்ல. தம்பியை ஜெயிக்க.

தம்பி இவரைவிட ஆறு வயது இளையவர். சொந்த விருப்பத்தில் வேறு மதத்துக்குப் போனவர். அதைக்கூட அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அப்பா இறந்த அன்று தம்பி வந்தார். ஆனால் சடங்கு எதிலும் கை வைக்காமல் ஓர் ஓரமாக நின்றார். எல்லார் முன்னாலும் அண்ணன் கத்தினார்: "நீ அவருக்குப் பிள்ளையே இல்ல, வெளிய போ!" தம்பி போய்விட்டார். எட்டு வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருவரின் மனைவிமாரும் மட்டும் போனில் குழந்தைகளின் காய்ச்சல், பரீட்சை என்று பேசிக்கொள்வார்கள்.

"என்னைக்காவது எதிர்ல வருவான். அன்னைக்கு அவன் வாயடைச்சுப் போற மாதிரி நாலு கேள்வி கையில இருக்கணும்." அதற்காகத்தான் தேடத் தொடங்கினார்.

முதலில் சேர்ந்தது தன் மதத்தாரின் குழு. 'அவர்கள் இப்படிக் கேட்டால் நாம் என்ன சொல்வது?' என்று ஒரு சந்தேகம் கேட்டார். எதிர்த்தரப்பு ஆள் என்று முடிவுகட்டி ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். "சொந்த வீட்டுலயே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டாங்க" என்று அன்று சாயங்காலம்வரை புலம்பினார். இரண்டாவது குழுவில் விவாதம் என்பது பெயரில்தான் இருந்தது. விடிந்தால் பூப்படமும் வாழ்த்தும். "தினம் நாற்பது பூ. என் போன் வாடிப்போச்சு."

மூன்றாவதில் சண்டை கிடைத்தது, வேண்டிய அளவுக்கு மேலேயே. ஒருவன் இவருடைய வம்சத்தை இழுத்தான். இவர் அவனுடையதை இழுத்தார். பத்து நாள் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். பதினோராம் நாள், சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்துவிட்டார். "இதை நீங்களா எழுதினீங்க?" அவ்வளவுதான் கேட்டார். டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். பல்லண்ணன் அன்றைக்கே அந்தக் குழுவிலிருந்து வெளியேறினார்.

பிறகு ஒருநாள், 'கோபப்படாமல் மதம் பேசும் இடம்' என்று தேடுபெட்டியில் எழுதினார். முதல் ஆறு முடிவுகள் மூச்சுப்பயிற்சி. ஏழாவது ஒரு மன்றம். எல்லா மதத்தாரும், எந்த மதமும் வேண்டாம் என்பவர்களும் இருந்தார்கள். சேர்வதற்கு ஒரு படிவம்: ஏன் சேர விரும்புகிறீர்கள்? 'என் தம்பியைத் தோற்கடிக்க' என்று இவர் எழுதினார். மன்றத்தை நடத்தும் அம்மையாரின் புனைபெயர் 'பின்சீட்டு'. அவர் பதில் போட்டார்: 'இதுவரை வந்ததிலேயே நேர்மையான பதில். வாருங்கள்.' பல்லண்ணன் 'கடைவாய்' என்ற பெயரில் உள்ளே போனார்.

அங்கே ஒரே ஒரு விதி. எதிராளி சொன்னதை முதலில் உன் வார்த்தையில் எழுது. 'ஆம், நான் சொன்னது இதுதான்' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே உன் மறுப்பு.

"இதென்னங்க அநியாயம்! அவன் கட்சியையும் நானே பேசணுமாம்!" என்று என் அறைக்கே வந்து குதித்தார். ஆனால் விலகவில்லை.

பின்சீட்டு, தம்பி போய்ச் சேர்ந்த மதத்தைச் சேர்ந்தவர். பல்லண்ணன் நேராக விஷயத்துக்கு வந்தார்: பெற்ற அப்பாவின் சடங்கில் ஒருவன் எப்படி ஒதுங்கி நிற்கலாம்? அந்த அம்மையார் தன் தாயின் மறைவின்போது தானும் அப்படி நின்றதைச் சொன்னார். இப்போது அதை இவர் தன் வார்த்தையில் எழுதவேண்டும்.

'உங்கள் ஆட்களுக்குப் பயந்து நின்றீர்கள்' என்று எழுதினார். இல்லை என்று வந்தது. 'பாசத்தைவிட உங்களுக்கு விதி பெரிது.' அதற்கும் இல்லை. நான்கு நாள் பல் செட்டுகள் தாமதமாயின. மருத்துவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். ஐந்தாம் நாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் எழுதினார்: 'மனதில் இல்லாத வார்த்தைகளை அம்மாவுக்கு முன்னால் வாயால் சொன்னால் அது அவருக்குச் சொல்லும் பொய். கடைசி நாளில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் வாய் மூடி நின்றேன். ஆனால் போகவில்லை.'

'ஆம். இதுதான்' என்று வந்தது.

மறுப்பு எழுதும் முறை இப்போது இவருடையது. இவர் எழுதவில்லை. வெந்நீருக்காக நான் உள்ளே போனபோது வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் போகலைங்க" என்றார். "நான் போகச் சொல்ற வரைக்கும் அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தான். இத்தனை வருஷம் அது எனக்கு உறைக்கவே இல்ல."

அம்மா என்றிருந்த இடத்தில் அப்பா என்று மாற்றி, மனைவியிடம் எண் வாங்கி, தம்பிக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: 'இதுதானா நீ நெனச்சது?' இரண்டு நாள் பதிலே இல்லை. அந்த இரண்டு நாளும் யார் சிரித்தாலும் அவர் பல்லைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை பதில் வந்தது: 'அண்ணா, ஒண்ணு மட்டும் தப்பு. வாய் மூடி நின்னேன், ஆனா சும்மா நிக்கல. எனக்குத் தெரிஞ்ச மாதிரி அவருக்காக வேண்டிக்கிட்டுத்தான் நின்னேன்.'

பல்லண்ணன் இதைத் திருத்தி மறுபடி எழுதி அனுப்பினார். 'ஆமாண்ணா' என்று வந்தது.

மனம் மாறிவிட்டாரா என்று கேட்டால் சீறுவார். "என் சாமி எனக்கு. அதுல நான் அரை அங்குலம்கூட நகரல." மன்றத்தில் இன்றும் உருவமா அருவமா என்று அடித்துக்கொள்கிறார். தம்பியோடும் போனில் அதே சண்டைதான். ஆனால் இப்போது வாரத்துக்கு மூன்று முறை.

போன வாரம் பகலில் வெந்நீருக்குப் போனேன். பாலிஷ் இயந்திரத்தின் இரைச்சல் இல்லை. அறைக்கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் பல்லண்ணன் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி வந்திருக்கான்" என்றார் கிசுகிசுப்பாக. "அவனுக்கு வேண்டிக்கிற நேரமாம். மேசையை நகர்த்தி இடம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

மாடிப்படியில் ஒரு மருத்துவமனை ஆள் அச்சுப்பெட்டியோடு தடதடவென்று ஏறி வந்தான். "பல்லண்ணே!" என்று அவன் வாயெடுப்பதற்குள், பல்லண்ணன் உதட்டில் விரலை வைத்து, இன்னொரு கையால் அவனைப் படியிலேயே நிறுத்தினார்.